அலுவலக மருத்துவக் காப்பீட்டில் பெரிய சிகிச்சைக்கான செலவைப் பெறுவது எப்படி: பாலிசியைப் படிப்பது முதல் பில் தீர்ப்பது வரை

இந்தியாவில் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் குழு மருத்துவக் காப்பீட்டை, கையில் அட்டை இருந்தால் போதும், பணம் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பெரும்பாலானோர் வைத்திருக்கிறோம். சிறிய காய்ச்சலுக்கு இரண்டு நாள் படுத்து எழுந்தால் இந்த நம்பிக்கைக்குச் சேதம் வராது. இதய அறுவை சிகிச்சை, மூட்டு மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை, விபத்து என்று பில் லட்சங்களில் போகும்போதுதான், அதே பாலிசி ஒருவருக்கு முழுத் தொகையையும் இன்னொருவருக்குப் பாதியையும் கொடுப்பதைப் பார்க்கிறோம். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி நோயாளி மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே, அல்லது சேரும் முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே அந்த வரிசையிலேயே, எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் படி: உங்களுக்கு இருப்பது எந்தக் காப்பீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனமும் அதற்கான சட்ட வரம்புக்குள் வந்தால், உங்களுக்கு உரியது இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீடு. சம்பளத்தில் 0.75 விழுக்காடு உங்களிடமிருந்தும் 3.25 விழுக்காடு நிறுவனத்திடமிருந்தும் இதற்காகச் செல்கிறது. இதில் சிகிச்சைச் செலவுக்கு லட்சக் கணக்கில் உச்சவரம்பு வைக்கப்படவில்லை. ஆனால் இஎஸ்ஐ மருந்தகம் அல்லது மருத்துவமனை வழியாகவே போக வேண்டும். பெரிய அறுவை சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவதானால் அவர்களுடைய பரிந்துரைக் கடிதம் தேவை. சம்பளம் நடுவில் உயர்ந்து வரம்பைத் தாண்டினாலும், நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் வரை, அதாவது செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31 வரை, இஎஸ்ஐ பிடித்தம் தொடரும். இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கான நடைமுறையே வேறு. கீழே வரும் படிகள் அவர்களுக்குப் பொருந்தா.

மற்றவர்களுக்கு இருப்பது குழு பாலிசி. இதில் பாலிசிதாரர் நீங்கள் அல்ல, உங்கள் நிறுவனம். ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையில் போடப்படுகிறது. நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் அதில் பெயர் சேர்க்கப்பட்ட உறுப்பினர்கள். இதற்கு நடைமுறையில் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, பாலிசி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்போது நிபந்தனைகள் உங்களைக் கேட்காமலே மாறக்கூடும். சென்ற ஆண்டு சக ஊழியருக்குக் கிடைத்தது இந்த ஆண்டு உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மற்றொன்று, வேலையை விட்டால் காப்பீடும் நின்றுவிடும்.

இடையில் டிபிஏ என்றொரு அமைப்பும் இருக்கும். அட்டை கொடுப்பது, மருத்துவமனையின் கடிதத்துக்குப் பதில் அனுப்புவது, ஆவணங்களைச் சரிபார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. கிளெய்மை, அதாவது செலவுத் தொகை கேட்கும் கோரிக்கையை, ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு காப்பீட்டு நிறுவனத்துடையது. பிரச்சினை வரும்போது யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம்.

இரண்டாம் படி: நலமாக இருக்கும்போதே பாலிசி விவரத் தாளை வாங்கிப் படியுங்கள்

அட்டையில் பெயரும் உறுப்பினர் எண்ணும்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது மனிதவளப் பிரிவு வைத்திருக்கும் பலன்கள் கையேடு. அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். அதில் முதலில் காப்பீட்டுத் தொகையைப் பாருங்கள். ஐந்து லட்சம் என்று போட்டிருந்தால், அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஐந்து லட்சமா, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஐந்து லட்சமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான நிறுவனங்களில் அது குடும்பம் முழுவதற்கும் பொதுவான தொகை. ஏப்ரலில் தந்தைக்கு மூன்று லட்சம் செலவாகியிருந்தால், அந்த பாலிசி ஆண்டு முடியும்வரை உங்கள் அனைவருக்கும் மிஞ்சுவது இரண்டு லட்சம்.

அடுத்து, ஏற்கெனவே இருக்கும் நோய்கள். தனிநபர் பாலிசிகளில் இவற்றுக்கு அதிகபட்சம் 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் வைக்க விதி இடமளிக்கிறது. குழு பாலிசியின் பெரிய நன்மையே, பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் காத்திருப்பை நீக்கி வாங்குவதுதான். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உள்ள தாய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு கிடைப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத சலுகை. ஆனால் உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பெற்றோருக்குக் கோ-பே இருக்கிறதா என்று பாருங்கள். 20 விழுக்காடு கோ-பே என்றால், ஏற்கப்பட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும். கண்புரை, மகப்பேறு, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனித்தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ரோபோ உதவியுடன் செய்யும் அறுவை, வாய்வழி கீமோதெரபி, இம்யூனோதெரபி ஆகியவை 2019இல் ஐஆர்டிஏஐ எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட நவீன சிகிச்சைகள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது, உச்சவரம்பு வைக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குடும்பங்கள் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்தே ஆக வேண்டும். ஒரு சுழற்சி மருந்தே லட்சத்தைத் தாண்டும் இடத்தில், உச்சவரம்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தே சிகிச்சைக்கான பணத்தைத் திட்டமிட முடியும்.

கடைசியாக, பெயர்கள். அட்டையிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். திருமணமானாலும் குழந்தை பிறந்தாலும் எத்தனை நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அந்த நாட்கள் கடந்துவிட்டால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க நேரும்.

மூன்றாம் படி: மருத்துவமனையில் சேர்வதற்கு முன் அனுமதி

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், மருத்துவமனை உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில், அதாவது அவர்களுடன் ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளில், இருக்கிறதா என்று டிபிஏயின் பட்டியலில் பாருங்கள். “எல்லா இன்சூரன்ஸும் எடுப்போம்” என்று மருத்துவமனை வரவேற்பில் சொல்வதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ், அதாவது பில்லைக் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் வசதி, பெற 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு கவுன்சில் வழி செய்தது. திட்டமிட்ட சிகிச்சையானால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரமானால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இருந்தாலும் அந்த மருத்துவமனையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால், நெட்வொர்க் மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதே நிம்மதி.

முன் அனுமதிப் படிவத்தில் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியை மருத்துவரும் நிரப்ப வேண்டும். மருத்துவர் நிரப்பும் பகுதியில், இந்த நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்ற கட்டம் ஒன்று உண்டு. பலரும் கவனிக்காமல் விட்டு, பிறகு வருந்துவது இந்தக் கட்டத்தைத்தான். நோயாளி “ரொம்ப நாளா முட்டி வலி” என்று பொதுவாகச் சொன்னதைப் பயிற்சி மருத்துவர் பத்தாண்டு என்று எழுதிவிட்டால், அந்த எண் பிறகு எல்லா ஆவணங்களிலும் தொடர்ந்து வரும். உண்மையை மறைக்க வேண்டாம். மறைத்தால் கிளெய்மே போய்விடும். உண்மையான காலம் எதுவோ அதுவே எழுதப்பட்டிருக்கிறதா என்று, படிவம் அனுப்பப்படுவதற்கு முன் ஒருமுறை வாங்கிப் படியுங்கள்.

2024 மே மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, முன் அனுமதிக் கோரிக்கை வந்து ஒரு மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். முதலில் கிடைக்கும் அனுமதி பெரும்பாலும் மதிப்பீட்டில் ஒரு பகுதிக்குத்தான் இருக்கும். ஐசியுவில் நாட்கள் கூடினாலோ சிகிச்சை மாறினாலோ, மருத்துவமனை கூடுதல் அனுமதி கேட்க வேண்டும். கேட்டுவிட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் விசாரியுங்கள்.

நான்காம் படி: அறையைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படியைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நாங்கள் பணத்தை இழந்தது இந்த இடத்தில்தான். என் தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தபோது, அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று பாலிசியில் அனுமதித்ததைவிட ஒரு படி மேலான அறையைக் கேட்டு வாங்கினேன். அறை வாடகையில் கூடுதலாக வரும் சில ஆயிரங்களை நாமே கட்டிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. டிஸ்சார்ஜ் அன்று மாலை இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த பெண் அனுமதிக் கடிதத்தைத் திருப்பி வைத்து, ஒரு வரியின் கீழ்ப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். அறுவை மருத்துவர் கட்டணத்திலும் மயக்க மருத்துவர் கட்டணத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியிருந்தார்கள். மருத்துவர் கட்டணத்துக்கும் அறைக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தொடர்பு இதுதான். பல மருத்துவமனைகளில் அறையின் வகை உயர உயர, அதே அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் எல்லாமே உயரும். ஆகவே வரம்புக்கு மேற்பட்ட அறையை எடுத்தால், அறை வாடகையில் மட்டுமல்லாமல், அதைச் சார்ந்த இந்தக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளப் பாலிசி இடம் தருகிறது. இதை விகிதாசாரக் கழிவு என்பார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காப்பீட்டுத் தொகை 5 லட்சம். அறை வரம்பு அதில் ஒரு விழுக்காடு, அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். நோயாளி 8,000 ரூபாய் அறையில் ஆறு நாள் இருக்கிறார். பில்லில் அறைக்கு 48,000, மருத்துவர், அறுவை அரங்கம், செவிலியர் கட்டணங்களுக்கு 2,00,000, ஐசியுவுக்கு 20,000, மருந்து, உடலில் பொருத்திய இம்ப்ளான்ட், பரிசோதனைகளுக்கு 1,82,000, பாலிசியில் தராத பொருள்களுக்கு 14,000. மொத்தம் 4,64,000 ரூபாய். 5,000த்தை 8,000ஆல் வகுத்தால் 62.5 விழுக்காடு. எனவே அறைக்கு 30,000, மருத்துவர் முதலிய கட்டணங்களுக்கு 1,25,000 மட்டுமே ஏற்கப்படும். ஐசியுவும் மருந்தும் இம்ப்ளான்ட்டும் பரிசோதனையும் முழுமையாக ஏற்கப்பட்டால், காப்பீடு தருவது 3,57,000. நீங்கள் கட்டுவது 1,07,000. அறை வாடகையில் கூடுதல் 18,000தான், ஆனால் அந்த அறையால் இன்னொரு 75,000மும் கையை விட்டுப் போகிறது. இதற்கு மேல் 20 விழுக்காடு கோ-பேயும் இருந்தால், ஏற்கப்பட்ட தொகையில் இன்னும் 71,400 ரூபாய் குறையும்.

இந்தக் கழிவுக்கும் எல்லை உண்டு. மருந்து, உடலில் பொருத்தும் இம்ப்ளான்ட், மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு செய்யக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் இந்தக் கழிவே பொருந்தாது. உங்கள் தீர்வுக் கடிதத்தில் ஸ்டென்ட் விலையிலோ ஸ்கேன் கட்டணத்திலோ இந்தக் காரணத்தைச் சொல்லிக் குறைத்திருந்தால், எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

ஆகவே சேர்க்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: “என் பாலிசியில் அறை வரம்பு நாளுக்கு இவ்வளவு. அதற்குள் எந்த அறை இருக்கிறது?” சில பாலிசிகளில் வரம்பு ரூபாயில் இல்லாமல் தனி அறை என்று வகையில் இருக்கும், அப்படியானால் சாதாரணத் தனி அறையா, எந்தத் தனி அறையும் ஆகலாமா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தகுதியான அறை காலியாக இல்லை என்று சொல்லி மேல் அறையைக் கொடுத்தால், அதை மருத்துவமனையிடம் எழுதி வாங்குங்கள். அறை காலியானவுடன் மாற்றச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: டிஸ்சார்ஜ் நாள்

மருத்துவர் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் மாலை வரை காத்திருப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். மருத்துவமனையிலிருந்து இறுதி பில் போன மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் அனுமதி தர வேண்டும் என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். பல நேரங்களில் தாமதத்துக்குக் காரணம், பில் மருத்துவமனையிலிருந்தே புறப்படாமல் இருப்பதுதான். எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதி பில்லை வரிவரியாகப் பாருங்கள். கையுறை, முகக்கவசம், டயப்பர், உதவியாளர் கட்டணம், நோயாளியின் பத்திய உணவு தவிர்த்த உணவுச் செலவு என 68 பொருள்களைத் தராமல் விடலாம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அவை உங்கள் கையிலிருந்துதான் போகும். சேர்க்கும்போது முன்பணம் கட்டியிருந்தால், அதைக் கழித்தார்களா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், பரிசோதனை முடிவுகள், இம்ப்ளான்ட் ஸ்டிக்கர், இறுதி அனுமதிக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஆறாம் படி: கைப்பணம் கட்டியிருந்தால் திரும்பப் பெறுவது

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளெய்மே மறுக்கப்பட்டதாகப் பொருள் இல்லை. பில்லைக் கட்டிவிட்டு, ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். சேர்ந்தவுடன் டிபிஏக்குத் தகவல் கொடுத்து கிளெய்ம் எண் வாங்கிவிடுங்கள்; பிறகு பாலிசி சொல்லும் நாட்களுக்குள் மூல ஆவணங்களைக் கொடுங்கள். ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கொடுக்க வேண்டும்.

கேஷ்லெஸ் முழுமையாகக் கிடைத்தவர்களும் இந்தப் படியைத் தவறவிடுகிறார்கள். மருத்துவமனையில் சேர்வதற்கு முன் 30 நாளும், வெளிவந்த பின் 60 நாளும் அந்த நோய்க்கென ஆன மருத்துவர் கட்டணம், ஸ்கேன், மருந்து ஆகியவற்றைப் பல பாலிசிகள் தருகின்றன. இதய அறுவைக்குப் பின் வாங்கும் மருந்துகளையும், எலும்பு முறிவுக்குப் பின் செய்யும் பிசியோதெரபியையும் சேர்த்தால் இது சிறிய தொகை அல்ல. மருந்துச் சீட்டும் பில்லும் நோயாளியின் பெயரில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே இதில் கவனிக்க வேண்டியது.

ஏழாம் படி: காப்பீட்டுத் தொகை தீர்ந்துவிட்டால்

பல நிறுவனங்கள் கார்ப்பரேட் பஃபர் என்ற பொதுத் தொகையை வைத்திருக்கின்றன. ஊழியரின் சொந்தத் தொகை தீர்ந்தபின், தீவிர நோய்களுக்கு, மனிதவளப் பிரிவின் ஒப்புதலுடன் அதிலிருந்து எடுக்கலாம். கேட்காதவர்களுக்கு இது தானாக வருவதில்லை. தொகை தீரப்போவது தெரிந்தவுடனே கேளுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் அலுவலகக் காப்பீடு இருந்தால், ஒன்றில் போக மீதியை மற்றதில் பெறலாம். எதை முதலில் பயன்படுத்துவது என்ற தேர்வு உங்களுடையது.

நலமாக இருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டியது, ஒரு வரம்புக்கு மேல் போகும் செலவை ஏற்கும் கூடுதல் பாலிசியான சூப்பர் டாப்-அப். இதற்கும் வெறும் டாப்-அப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து வாங்குங்கள். இரண்டிலும் 5 லட்சம் வரை உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் ஒருமுறை 4 லட்சமும் இன்னொரு முறை 3 லட்சமும் செலவானால், தனித்தனியே எதுவும் 5 லட்சத்தைத் தாண்டாததால் டாப்-அப் ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டு மொத்தமான 7 லட்சத்தைப் பார்த்து, 2 லட்சம் தரும். கீமோதெரபி போல் திரும்பத் திரும்பச் சேர வேண்டிய சிகிச்சைக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆனால் இது உங்கள் தனிப்பட்ட பாலிசி என்பதால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இதில் உண்டு.

எட்டாம் படி: மறுத்தாலோ குறைத்தாலோ

எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்று, பாலிசியின் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது பதில் ஆகாது. பிறகு மனிதவளப் பிரிவை உள்ளே கொண்டுவாருங்கள். பாலிசியை வாங்கியது நிறுவனம் என்பதால், அவர்கள் கேட்கும்போது வரும் பதில் வேறாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். அடுத்து காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் ஓம்பட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். குழு பாலிசி உறுப்பினர்களும் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

ஒன்பதாம் படி: வேலையை விடும்போது

கடைசி வேலை நாளுடன் பெற்றோர் உட்பட எல்லோருடைய பாதுகாப்பும் முடிந்துவிடும். புதிய நிறுவனத்தில் சேரும் நாள் வரை உள்ள இடைவெளி பத்து நாள்தானே என்று விடாதீர்கள். தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் இரண்டில் ஏதேனும் ஒரு பாலிசிக்குள் வருமாறு தேதியை வையுங்கள். குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறுவதற்கு விதியில் இடம் உண்டு. அப்படி மாறினால், குழு பாலிசியில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். காப்பீட்டு நிறுவனம் உங்கள் உடல்நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் என்பதால், விலகல் கடிதம் கொடுத்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு தொகைக்கு, யார் யார் பெயரில் காப்பீடு இருந்தது என்ற சான்றிதழை மனிதவளப் பிரிவிடமிருந்து அலுவலக மின்னஞ்சல் உயிரோடு இருக்கும்போதே வாங்கி, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.